கீரமங்கலத்துக் கோணல் டெய்லர்

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த 1948-ஆம் வருடம் சேவுகனுக்கு முப்பத்திரண்டு வயது. இணைப்பைப் பற்றிப் பெரிய மனிதர்கள் மேடை போட்டுப் பேசினார்கள். அவருக்கு அதனால் நேர்ந்தது ஒன்றே ஒன்றுதான். டவுனில் அவர் வேலை பார்த்த தையல் கடைக்குச் சீருடைத் துணி வருவது நின்றுபோயிற்று. ஒரு பழைய மிஷினை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு மனைவி அழகியின் ஊரான கீரமங்கலத்துக்கு வந்தார். கடைத்தெருவில் ரெங்கசாமியின் மளிகைக் கடைக்குப் பக்கத்தில், ஓர் ஓலைச் சார்ப்பில் உட்கார்ந்தார்.

டவுனில் பதினைந்து வருடம் தைத்து அவர் கண்டுகொண்ட உண்மை ஒன்று உண்டு. நிமிர்ந்து நிற்பது முதுகின் வேலை அல்ல, தையல்காரனின் வேலை. தசரா ஊர்வலத்துக்கு முன்னால் சமஸ்தானத்துப் பெரிய மனிதர்களின் கோட்டுகள் சில கடைக்கு ரகசியமாக வரும். ஒரு தோள் சரிந்தவருக்கு அந்தத் தோளில் மட்டும் பஞ்சு. கூன் விழுந்தவருக்குக் கழுத்துப் பட்டைக்குள் விறைப்புத் துணி. ஊர்வலத்தில் அவர்கள் போகையில் ஜனங்கள் வியந்து பார்த்த கம்பீரத்தில் எத்தனை பிடி இலவம்பஞ்சு இருந்தது என்று சேவுகனுக்குத் தெரியும். ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்லாமலிருப்பதைத் தொழில் தர்மம் என்று நினைத்திருந்தார். பெரும்பாலான நாட்களில் அது தர்மமாகவும் இருந்தது.

கீரமங்கலத்தில் கோட்டுப் போடுகிறவர்கள் இல்லை. ரவிக்கை போடுகிறவர்கள் இருந்தார்கள். வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டும் வந்தார்கள். ஆனால் ஓர் ஆண்பிள்ளை டெய்லர் ஒரு பெண்ணை நிற்க வைத்து டேப் பிடித்து அளப்பது அங்கே நினைத்துப் பார்க்க முடியாத காரியம். அதற்குப் பதிலாக அளவு ரவிக்கை என்று ஒன்று வரும். உடுத்திப் பழகிய ரவிக்கையைச் சுருட்டிப் புதுத்துணிக்குள் வைத்து, அழகியின் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதைப் பார்த்து இதைத் தைக்க வேண்டும்.

ஒருவரைப் பார்க்காமலே அறிய முடியுமா என்று தத்துவ நூல்கள் பக்கம் பக்கமாக விவாதிக்கின்றன. சேவுகன் அளவு ரவிக்கையை ஓர் உதறு உதறி வெளிச்சத்தில் பிடித்து, அந்த விவாதத்தை முடித்துவிடுவார். இவள் பிள்ளையை இடுப்பில் வைப்பது வலப்பக்கம். பக்கத் தையல் அங்கேதான் விட்டிருக்கிறது. இவள் முழுகாமல் இருக்கிறாள்; இன்னும் வீட்டில் சொல்லவில்லை. இவள் ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. எல்லாம் தெரியும். அந்தப் பெண்கள் தெருவில் எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார்.

1957-இல் ராசாத்தியின் அளவு ரவிக்கை முதல்முறையாக வந்தது. கடலையும் பலாவும் வைத்திருந்த ஆண்டியப்பனுக்கும் முனியாயிக்கும் ஒரே மகள் அவள். பன்னிரண்டு முடிந்து பதின்மூன்று. தாவணி போட்டு நாலு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் ரவிக்கையின் முதுகில், வலது தோள்பட்டைக்கு நேரே துணி தேய்ந்து மெலிந்திருந்தது. இடது தோள் தையல் கீழே சரிந்து சுருக்கம் விழுந்திருந்தது. சேவுகன் அதைப் பலகையில் விரித்து வெகுநேரம் பார்த்தார்.

அழகி ஊக்குக் கட்டிக்கொண்டிருந்தாள். எப்போதும் உதட்டில் ஓர் ஊசியைக் கவ்வியிருப்பதால் அவள் பேச்சு சுருக்கமாக இருக்கும்.

"என்ன, சோசியம் பாக்குறீங்களா?"

"ஒண்ணுமில்ல."

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு இடது தோளைக் கால் அங்குலம் ஏற்றி, வலது முதுகில் கொஞ்சம் துணி கூட்டி வெட்டினார். ரவிக்கை எடுப்பாக உட்கார்ந்தது என்று சேதி வந்தது. அடுத்த முறை அந்த ரவிக்கையே அளவாக வந்தது. அதில் இன்னொரு கால் அங்குலம் ஏற்ற வேண்டியிருந்தது. ஒரு சின்னப் பெண்ணின் முதுகு வளைந்துகொண்டே போவதை ஊரிலேயே முதலில் அறிந்தவர் அவர்தான். மற்ற ஒருவரும் அறியாதபடி பார்த்துக்கொண்டவரும் அவர்தான். இரண்டையும் அவர் ஒரே மாதிரித் திறமையோடு செய்தார்.

வெளியே தெரிந்தது கும்மியில். மறுவருடம் முளைப்பாரிக்குக் கும்மி கொட்டிய பெண்கள் வட்டமாகக் குனிந்தபோது, பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் ராசாத்தியின் முதுகைப் பார்த்தார்கள். நிமிர்ந்திருக்கும்போது தையல் மறைத்ததைக் குனியும்போது மறைக்க முடியவில்லை. வலப்பக்க விலா மட்டும் சுளகு கவிழ்த்தது மாதிரி எழும்பி நின்றது. குடத்தை இடது இடுப்பில் தூக்கியதால் வந்தது என்றார்கள். குடம் வலது இடுப்புக்கு மாறியது. எண்ணெய் தேய்த்தார்கள். இரண்டு மாதம் கழித்து யாரோ சொல்லி, பஸ்ஸும் ரயிலுமாகத் திருச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார்கள்.

போய்வந்த மறுநாள் முனியாயி கடைக்கு வந்தாள்.

"அண்ணே, ஒரு தலகாணி தைக்கணும்."

"தலகாணிக்கு நான் எதுக்கு? சாக்குத் தைக்கிறவன்கிட்டக் குடுத்தாலே போதுமே."

"இது ஆசுபத்திரித் தலகாணிண்ணே. ஒரு மொழ நீளம், என் கைத்தண்டி ரெண்டு சேத்தாப்ல உருண்டையா. கல்லாட்டம் இருக்கணுமாம். அமுங்கப்படாதாம்."

"கல்லாட்டம் வேணும்னா கல்லையே வச்சுக்கலாமுல்ல?" என்றாள் அழகி, ஊசியை எடுக்காமலே.

முனியாயி சிரிக்கவில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டுச் சார்ப்புக்குள் வந்து குந்தினாள்.

"எக்சுரே படம் எடுத்துக் காட்டுனாகக்கா. எம்புள்ள முதுகெலும்பு பாம்பு போன தடமாட்டம் கெடக்கு. ஏன் வந்துச்சுன்னு கேட்டா, தெரியாதுங்குறாக. அம்புட்டுப் பெரிய ஆசுபத்திரியக் கட்டி வச்சுக்கிட்டு, தெரியாதுன்னு வாய்விட்டுச் சொல்றாக."

"கொடத்தால இல்லையாமா?" என்றாள் அழகி.

"இல்லையாம். மருந்தும் கெடையாதாம். பயிற்சி சொல்லிக் குடுக்குற ஒரு அம்மா இருக்கு. சிரிக்கவே சிரிக்காது. விட்டத்தப் புடிச்சுத் தொங்கணும். அப்பறம் இந்தத் தலகாணிய வலது விலாவுக்கு அடியில குடுத்து ஒருக்களிச்சுப் படுத்து, எடது கைய நீட்டி, எடதுபக்கம் குழிஞ்சு கெடக்குல்ல, அதுக்குள்ள மூச்ச இழுத்து ரொப்பணும். அந்தம்மா அந்தக் குழியில உள்ளங்கைய வச்சுக்கிட்டு, இங்க வா, இங்க வான்னு மூச்சக் கூப்புடுது. காலையில அர மணி, சாயங்காலம் அர மணி. வளர்த்தி நிக்கிற வரைக்கும். பதினாறு வயசு ஆகணுமாம்."

"செஞ்சா நேராயிருமா?"

"அதையுந்தான் கேட்டேன். நேராகும்னு நான் சொல்லல, மேற்கொண்டு வளையாமப் புடிச்சு வைக்கலாம்னுது. விட்டுட்டா, வளர வளர வளைஞ்சு, மூச்சுக்கு எடமில்லாமப் போயிருமாம்." சொல்லிவிட்டு முனியாயி சேவுகனைப் பார்த்தாள். "ரெண்டு வருசமா நீங்கதான் தைக்கிறீங்க. அளவு ரவிக்கையில ஒண்ணும் தெரியலையாண்ணே?"

சேவுகன் மிஷின் சக்கரத்தில் கை வைத்தார்.

"இல்லையே," என்றார்.

தலையணை தைத்துக் கொடுத்தார். அவர் வாழ்நாளில் அவ்வளவு நேர்மையான சாமான் ஒன்றைத் தைத்ததில்லை என்றே சொல்லலாம். குச்சியால் குத்திக் குத்தி அடைத்த பஞ்சு. தட்டினால் மரக்கட்டை ஓசை. இரண்டு பிடிப் பஞ்சு மிஞ்சியது. அதை ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்தார்.

முதல் மூன்று மாதம் முனியாயி மகளை விடவில்லை. காலையில் விட்டத்தில் தொங்கும் ராசாத்தியைப் பக்கத்து வீட்டு ஜன்னல்கள் பார்த்தன. "பொட்டப்புள்ளைய வௌவாலாட்டம் தொங்கவிட்டிருக்கா" என்று பேச்சு வந்தது. "சிலம்பத்துக்கு அனுப்பப் போறியா ஆத்தா?" என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் முனியாயி பதில் கொடுத்தாள். அந்தப் பதில்களை இங்கே எழுதுவதற்கில்லை.

தைப் பொங்கல் வந்தது. கத்திரிப்பூ நிறத்தில் ஒரு துணியும் அளவு ரவிக்கையும் வந்தன. சேவுகன் வழக்கம்போல உதறிப் பார்த்தார். சரிவு கூடவில்லை. மூன்று மாதப் பயிற்சிக்குப் பிறகு, முதல்முறையாக இடது தோளில் மேற்கொண்டு ஏற்ற வேண்டிய அவசியம் இல்லை. தலையணை வேலை செய்கிறது என்று அவருக்குப் புரிந்தது.

இந்த இடத்தில் சும்மா இருக்கத் தெரிந்த மனிதன் ஞானி. சேவுகன் டெய்லர். பெரிய நாளாச்சே, அந்தப் பெண் கும்மிக்குப் பிறகு கூட்டத்துக்கே வருவதில்லையாமே, ஒரு நாளாவது தலைநிமிர்ந்து போகட்டுமே என்று எண்ணினார். எண்ணம் நல்ல எண்ணம். தகர டப்பாவைத் திறந்தார். மிஞ்சிய பஞ்சை மெல்லிய பட்டையாக்கி இடது தோளின் உள்துணிக்குள் வைத்தார். முதுகின் இடக்குழியிலும் ஒரு பட்டை. அழகி சந்தைக்குப் போயிருந்த நேரம். கை வைத்துத் தடவினாலும் தெரியாத வேலை. தசராக் கோட்டுகளில்கூட அவ்வளவு நுட்பம் காட்டியதில்லை.

பொங்கலன்று ராசாத்தி அதைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனாள். தோள் இரண்டும் ஒரு மட்டம். முதுகு பலகை. மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் முனியாயி ஒரு பெரிய பலாக்காயைக் கொண்டுவந்து கடையில் இறக்கினாள்.

"அண்ணே, நேராயிருச்சு! அந்தம்மா ஆகாதுன்னுச்சுல்ல, மூணு மாசத்துல ஆயிருச்சு! ஊரே பாத்துச்சு. ஒங்க தலகாணியோட ராசிண்ணே!"

கடைத்தெருவே கேட்டது. ரெங்கசாமி மளிகைக் கடையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏப்பா சேவுகா, எனக்கும் ஒரு தலகாணி தையி. எம் பொண்டாட்டி கொணம் நேராகுதான்னு பாப்பம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சேவுகனும் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். முடிந்த பிறகு சொல்வது கடினமாகிவிட்டது. பலாக்காயை மூன்று நாள் பழுக்க வைத்துச் சாப்பிட்டார்கள்.

ஆடி மாதத்தில் கத்திரிப்பூ ரவிக்கை அளவாகத் திரும்பி வந்தது. புதிதாகத் தைக்க, முனியாயி டவுனில் வாங்கிவந்த கோடு போட்ட சீட்டித் துணி. சேவுகன் உதறிப் பார்த்தவர் அப்படியே நின்றார். இடது அக்குளில் துணி கிழிந்து, உள்ளிருந்த பஞ்சு ஒரு மூலைக்குத் தள்ளப்பட்டு உருண்டையாகியிருந்தது. வலது முதுகில் துணி சல்லடை. ஆறு மாதத்தில் இவ்வளவு சரிவா?

"அந்தப் புள்ள பயிற்சி செய்யிதா?" என்று அழகியைக் கேட்டார்.

"எங்கிட்டுச் செய்யிது? பொங்கலோட விட்டாச்சு. நேரான முதுக எதுக்கு நேராக்கணும்னு முனியாயி திருச்சிக்கும் போகல. நேத்துக் கெணத்தடியில பாத்தேன். நாலு வாளி எறைக்கிறதுக்குள்ள நாய் மாதிரி மூச்சு வாங்குது."

"தலகாணி?"

"அத ஆண்டியப்பன் தலைக்கு வச்சுப் படுத்திருக்காரு."

சேவுகன் அன்று ஒன்றும் தைக்கவில்லை. அந்தப் பெண்ணுக்குப் பதினாலு வயது. வளர்த்தி நிற்க இன்னும் இரண்டு வருடம். அந்த இரண்டு வருடத்தை இரண்டு பிடிப் பஞ்சு அடைத்துக்கொண்டு நிற்கிறது.

மறுநாள் டீக்கடையில் ஆண்டியப்பன் தனியாக உட்கார்ந்திருந்தார். சேவுகன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மழையைப் பற்றிப் பேசி, கடலையைப் பற்றிப் பேசி, மெல்ல வந்தார்.

"மக பயிற்சியெல்லாம் செய்யிதாண்ணே?"

"எதுக்கு? அதான் சரியாப் போச்சுல்ல."

"இல்ல... முழுக்கச் சரியாயிருக்காதோன்னு..."

ஆண்டியப்பன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "எம் மக முதுகு சரியா இருக்கா இல்லையான்னு ஒனக்கு எப்புடித் தெரியும்?"

கேள்வி நியாயமானது. ஊரில் ஓர் ஆண்பிள்ளை வயசுப் பெண்ணின் முதுகைப் பற்றி எதை அறிந்திருந்தாலும் அது தப்பான அறிவுதான். பார்க்காமலே தெரியும் என்று சொன்னால் பார்த்ததைவிட மோசம்.

"அதுக்கில்லண்ணே. தலகாணி நான் தச்சதுல்ல. அதான், எப்புடி இருக்குன்னு..."

ஆண்டியப்பன் முகம் மலர்ந்தது. "அதக் கேக்குறியா? பிரமாதம்யா. இருவது வருசக் கழுத்து வலி. அதுல தலைய வச்ச அன்னைக்கே போச்சு!"

அன்று மாலை அழகியை முனியாயி வீட்டுக்கு அனுப்பினார். போன வேகத்தில் திரும்பி வந்தாள். உதட்டில் ஊசி இல்லை. அது நல்ல சகுனம் அல்ல.

"முனியாயி என்னயக் கேக்குறா. 'ஒங்க வீட்டுக்காரரு தச்ச ரவிக்கையில எம்புள்ள நேரா நின்னத ஊரு பாத்துச்சு. இப்ப நேரா இல்லன்னு அவரே சொல்லிவிடுறாரு. அவரு பொய் சொல்றாரா, ரவிக்கை பொய் சொல்லுதா?'ங்குறா. நான் என்னத்தச் சொல்ல?"

அழகி கத்திரிப்பூ ரவிக்கையை எடுத்தாள். தோளை விரலால் நெருடினாள். பல்லால் தையலைக் கடித்துப் பிரித்தாள். பஞ்சு வெளியே வந்தது.

"அட பாவி மனுசா," என்றாள் மெதுவாக. பிறகு, "பஞ்சு வச்சேன்னு போயிச் சொல்லிப்புட வேண்டியதுதான?"

"சொன்னா நாளைக்கே ஊர்ல ஒவ்வொருத்தியும் ரவிக்கையப் பிரிச்சுப் பாப்பா."

"பாத்தா என்ன?"

"எதுல என்ன ஒளிச்சு வச்சிருக்கேன்னு ஒனக்குத் தெரியாது."

"தொழில் ரகசியமாக்கும்."

"ஆமா."

"ரகசியமில்ல. அந்தப் பலாக்காயச் செமக்க முடியல ஒங்களால," என்று சொல்லிவிட்டு அழகி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவள் சொன்னது சரி. சேவுகனுக்கும் அது தெரிந்தது. தொழில் தர்மம் என்று அவர் இருபத்தைந்து வருடமாக அழைத்துவந்ததில் பாதி, பாராட்டை இழக்க மனமில்லாமை. மீதிப் பாதிக்கு என்ன பெயர் என்று அவர் யோசிக்கவில்லை. யோசிக்காததால்தான் அது தர்மமாக இருந்தது.

ஆனால் டெய்லருக்குப் பேச வாய் ஒன்றுதானா? இரண்டு நாள் கழித்து அந்தக் கோடு போட்ட சீட்டித் துணியை எடுத்தார். வலது பக்கத்தை அளவாக வைத்து, துணியை இரண்டாக மடித்து, ஒரே வெட்டு. இடது தோளும் வலது தோளும் நூல் பிசகாமல் ஒன்று. பஞ்சில்லை, ஏற்றமில்லை, கூட்டுத்துணி இல்லை. முதுகின் நடுவில் ஒரு கோடு சரியாகத் தண்டுவடத்துக்கு நேரே இறங்க வேண்டும் என்று வைத்துத் தைத்தார். கணிதப் புத்தகத்தில் போடலாம் போன்ற ரவிக்கை. மனித உடம்பு எதற்கும் அப்படித் தைக்கக் கூடாது என்பது தொழிலின் முதல் பாடம்.

கொடுத்தனுப்பிய அரை மணியில் முனியாயி வந்தாள். சந்தை நாள், கடைத்தெரு நிறையக் கூட்டம். பின்னால் ராசாத்தி, தாவணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு.

"என்னண்ணே தச்சிருக்கீங்க இது?" ரவிக்கை வெட்டுப் பலகையில் வந்து விழுந்தது. "கண்ண மூடிக்கிட்டுத் தச்சீங்களா? போட்டா ஒரு தோளு அங்கிட்டு, ஒரு தோளு இங்கிட்டு! கோடெல்லாம் வாய்க்காலாட்டம் வளைஞ்சு ஓடுது! இந்தக் கோணலப் போட்டுக்கிட்டு எம் மக எப்புடி வெளிய போவா?"

ஜனம் கூடிவிட்டது. ரெங்கசாமி எடைத் தட்டைக் கையில் பிடித்தபடியே வந்து நின்றான்.

இதற்காகத்தான் சேவுகன் தைத்தார். வீட்டுக்குள் போட்டுப் பார்ப்பார்கள், கோடு வளைவதைப் பார்ப்பார்கள், முதுகை நினைப்பார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார். வளைந்தால் மனிதர்கள் முதலில் துணியைத்தான் சந்தேகிப்பார்கள் என்பதை, துணியை வைத்தே பிழைத்த அவர் மறந்துவிட்டார்.

இப்போது நாற்பது பேர் நிற்கிறார்கள். நடுவில் அந்தப் பெண் நிற்கிறாள். கோணல் எங்கோ இருக்கிறது. ஒன்று துணியில், இல்லாவிட்டால் அவளிடம். அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் அது அவள்மேல் போய் விழும். இருபத்தைந்து வருடமாகச் சொல்லாமலிருந்த மனிதர், கடைசியில் சொல்லத் துணிந்த நாளில், மறுபடியும் சொல்ல முடியாமல் நின்றார்.

"ஆமா தாயி," என்றார். "கோணலாத்தான் போயிருச்சு. கண்ணு முன்ன மாதிரி இல்ல."

"கண்ணு தெரியலேன்னா கடையச் சாத்த வேண்டியதுதான?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"இனிமே ஒங்ககிட்ட ஒரு துண்டுத்துணி தரமாட்டேன்," என்றாள் முனியாயி. "வாடி."

ராசாத்தி உடனே நகரவில்லை. பலகையில் கிடந்த ரவிக்கையை எடுத்தாள். துணி எதை எடுத்தாலும் மடித்து எடுக்கிற பெண்பிள்ளைக் கை. நடுவில் மடித்தாள். தோள்மேல் தோள் வந்து உட்கார்ந்தது. கைமேல் கை. பக்கத் தையல்மேல் பக்கத் தையல், கோட்டின்மேல் கோடு. ஒரு நூல்கூட வெளியே நீட்டவில்லை. அவள் விரல் நின்றது. பிரித்து, திருப்பி, மறுபடி மடித்தாள். மறுபடியும் ஒன்றின்மேல் ஒன்று.

அவள் தலைநிமிர்ந்து சேவுகனைப் பார்த்தாள். அவர் மிஷின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடி அங்க?"

"ஒண்ணுமில்ல ஆத்தா," என்றாள் ராசாத்தி. ரவிக்கையைத் தாவணிக்குள் வைத்துக்கொண்டு தாயின் பின்னால் போனாள்.

அதற்குப் பிறகு பத்து நாள் சேவுகனுக்கு ஒரு சேதியும் இல்லை. வேலையும் அதிகம் இல்லை. 'கோணல் டெய்லர்' என்ற பெயர் சந்தையைவிட்டுக் கிளம்பி அக்கம்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. பதினோராவது நாள் டீக்கடையிலிருந்து வந்த ரெங்கசாமி சொன்னான்:

"பாவம்யா ஆண்டியப்பன். அவருக்குக் கழுத்து வலி திரும்ப வந்துருச்சாம். தலைய இப்புடி வச்சுக்கிட்டுத் திரியிறாரு."

சேவுகன் மிஷினை நிறுத்தினார். "ஏனாம்? தலகாணி என்னாச்சாம்?"

"மக புடுங்கிக்கிட்டாளாம். பொட்டச்சிக்கு என்னமோ வந்திருக்கு. ஒரு கோடு போட்ட சட்டையப் போட்டுக்கிட்டு, ஆத்தாவுக்கு முதுகக் காட்டி நின்னுக்கிட்டு, இது கோணலா நான் கோணலா, நல்லாப் பாத்துச் சொல்லுன்னு சண்டையாம். இப்பத் திரும்பவும் விட்டத்துல தொங்குதாம். அடுத்த வாரம் திருச்சிக்கும் போறாகளாம்."

"நல்லது," என்றார் சேவுகன்.

"என்ன நல்லது? மனுசன் கழுத்து நோவுதுங்குறேன்."

அழகி உதட்டில் ஊசியோடு சிரித்தாள். அன்றைக்கு மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். கட்டுமாவடியிலிருந்து வந்த மீன். காரணம் சொல்லவில்லை.

முனியாயி வரவில்லை. வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அதைச் சொல்வதென்றால், கடைத்தெருவில் நாற்பது பேர் முன்னால் கோணல் என்று கூவியது எதை என்றும் சொல்ல வேண்டிவரும். அதை எந்தத் தாய் சொல்வாள்? ஆகவே கோணல், சேவுகனின் பெயரிலேயே நின்றது. ராசாத்தியின் துணிகள் டவுனுக்குப் போயின. அவருக்குப் பள்ளிக்கூடப் பையன்களின் காக்கி நிஜார் வந்தது. வளரும் பிள்ளைகளுக்கு இரண்டு அங்குலம் பெரிதாகத் தைத்தால் போதும்; பொருந்த வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. தலையணை உறைகளும் வந்தன.

ஐந்து வருடம் கழித்து, 1964 ஆவணியில் ராசாத்திக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஆலங்குடிப் பக்கம் வாத்தியார். சேவுகனும் அழகியும் பந்தலில் பின்வரிசையில் உட்கார்ந்தார்கள், பக்கத்தில் ரெங்கசாமி.

தாலி கட்டி முடிந்து, மணமக்கள் பெரியவர்கள் காலில் விழ ஆரம்பித்தார்கள். ராசாத்தி குனிந்தாள். சேவுகன் அவள் முதுகைத் தன் கண்ணால் பார்த்தது அப்போதுதான். பதினோரு ரவிக்கை தைத்த முதுகு. வலது விலா கொஞ்சம் மேடாகத்தான் இருந்தது. இடது தோள் கொஞ்சம் இறக்கம். முக்கால் அங்குலம் என்று கண் சொன்னது. 1959 ஆடியில் கத்திரிப்பூ ரவிக்கை சொன்ன அளவும் முக்கால்தான். நேராகவில்லை. அந்தச் சிரிக்காத அம்மா நேராகும் என்று சொல்லவும் இல்லை. அங்கேயே நின்றிருந்தது. அவள் எத்தனையோ பேர் காலில் விழுந்து எழுந்தாள், மூச்சு வாங்கவில்லை.

டவுன் டெய்லர் தைத்த ரவிக்கை இடது தோளில் ஒரு சுருக்கத்தோடு உட்கார்ந்திருந்தது. சேவுகனின் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் தாமாக ஒன்றையொன்று உரசிக்கொண்டன.

"பாத்தியா," என்று ரெங்கசாமி அவர் காதில் சொன்னான். "டவுனு தையல்னா டவுனு தையல்தான். ஒங்கிட்டக் குடுத்திருந்தா பொண்ணு கோணலால்ல தெரிஞ்சிருக்கும்?"

"ஆமா," என்றார் சேவுகன்.

சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது, சீர் சாமான்களை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அண்டா, குத்துவிளக்கு, பாய், மெத்தை. எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு முழ நீளத்தில் உருண்டையாக அந்தத் தலையணை. ஆண்டியப்பன் வண்டிப்பக்கம் நின்று கழுத்தைத் தடவியபடி, "இது எதுக்குத்தா அங்கிட்டு? இதையாவது எனக்கு விட்டுட்டுப் போகலாமுல்ல?" என்று யாரிடமோ முறையிட்டுக்கொண்டிருந்தார்.

தலையணைக்குப் புது உறை போட்டிருந்தது. கோடு போட்ட சீட்டி. ஒரு ரவிக்கையைப் பிரித்து, துண்டுகளை இணைத்துத் தைத்த உறை என்பது சேவுகனுக்கு எட்ட நின்றே தெரிந்தது. மிஷின் தையல் அல்ல, கைத்தையல். தைத்தவளுக்குத் தைத்துப் பழக்கமில்லை. ஓரத் தையல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடியிருந்தது. கோடுகள் ஓரிடத்திலும் சேரவில்லை.

"பாத்தீங்களா?" என்றாள் அழகி.

"பாத்தேன். தையல் கோணல்."

பிரித்தெடுத்து அரை மணியில் நேராக்கிவிடலாம் என்று தோன்றியது. தோன்றியதோடு நிறுத்திக்கொண்டு, மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.